பென்குவினுக்கு வழி விடுங்கள்

அண்டார்டிகாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் சிறு பயண நிறுவனங்கள் சொல்லும் செய்திகளில் ஒரு காட்சி ஆண்டுதோறும் தவறாமல் வரும். தென் அமெரிக்காவின் கடைக்கோடி ஊர்களில் ஒன்றான உசுவாயாவில் கப்பலேறி, உலகின் முரட்டுக் கடல்களில் ஒன்றான டிரேக் நீரிணையை இரண்டு நாள் தலைசுற்றலோடு கடந்து, பல லட்சம் ரூபாய் செலவழித்து வந்து சேர்ந்த மனிதர்கள் பனியில் ஒற்றை வரிசையாக அசையாமல் நிற்கிறார்கள். எதிரே ஒரு ஜென்டூ பென்குவின். அலகில் ஒரு கூழாங்கல். பாதையின் நடுவில் நின்று இவர்களைப் பார்க்கிறது, கல்லைக் கீழே போடுகிறது, இறகைக் கோதுகிறது, கல்லைத் திரும்பப் பொறுக்குகிறது, மறுபடி நிற்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. கூட்டுக்கும் கடலுக்கும் இடையே நடந்து நடந்து பென்குவின்கள் பனியில் ஓடைபோல ஒரு தடத்தை உண்டாக்கிவிடும். வழிகாட்டிகள் அதைப் ‘பென்குவின் நெடுஞ்சாலை’ என்பார்கள். அந்தச் சாலையில் முதல் உரிமை பென்குவினுக்கு. மனிதன் காத்திருக்க வேண்டும். அது நகர்ந்த பிறகு, தடத்தில் பள்ளம் விழாதபடி, வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும் கடக்க வேண்டும். மனிதனின் பூட்ஸ் தடம் பனியில் ஆழமாகப் பதிந்துவிட்டால், குட்டைக்கால் பறவை அதில் விழுந்து ஏற முடியாமல் தவிக்கும்.

இந்த மாதிரிச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரிக்கிறோம், அடுத்த பக்கம் போகிறோம். ‘பென்குவின் வழிமறித்தது’, ‘பூபி பறவை நடைபாதையில் முட்டையிட்டது’, ‘தபால் பெட்டியில் கிடந்த அட்டை பதினான்காயிரம் கிலோமீட்டர் தள்ளி வீட்டு வாசலில் நேரில் கொடுக்கப்பட்டது’ என்பன போன்றவை இடம் நிரப்பும் துணுக்குகளாகவே பார்க்கப்படுகின்றன. அந்தத் துணுக்குகளில்தான் பயணத் தொழிலின் மிக முக்கியமான செய்தி இருக்கிறது என்பது என் வாதம். அந்தச் சிரிப்பு தானாக வந்ததல்ல. அதற்குப் பின்னால் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. பறவை மனிதனைக் கண்டு ஓடாமல் அவன் முன்னால் சாவகாசமாகக் கல் பொறுக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பு அங்கே வந்துபோன ஆயிரம் பேரும் அதைத் துரத்தாமல் இருந்திருக்க வேண்டும். துரத்தாமல் இருக்க அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அரசாங்கங்கள் அல்ல, பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனங்களும் அல்ல. ஒரே ஒரு இடத்தின் மேல் பித்துப்பிடித்த சின்னஞ்சிறு நிறுவனங்கள்.

அந்த வரிசையில் முதலில் நிற்பவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். ஸ்வீடனில் பிறந்து, நியூயார்க்கில் 1958-இல் சிறிய பயண நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். 1966-இல் அர்ஜென்டினாவின் கடற்படைக் கப்பலொன்றை வாடகைக்கு எடுத்து 57 பேரை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். அதற்கு முன்பும் சில கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளோடு அந்தப் பக்கம் போயிருந்தன. ஆனால் விரிவுரையாளர்களும் இயற்கை அறிஞர்களும் கூடவே வர, கரையிறங்குவதற்கு முன் பாடம் நடத்தி, இறங்கிய பிறகு கூடவே நடந்து காட்டும் முறை அவரோடுதான் வேரூன்றியது. அடுத்த ஆண்டு கலாபகஸ் தீவுகளுக்கும் அதே முறையில் பயணம் ஏற்பாடு செய்தார். 1969-இல் பின்லாந்தில் அவருக்காகவே கட்டப்பட்ட ‘லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்’ சுமார் நூறு பயணிகளே கொள்ளும் சிவப்பு நிறக் கப்பல். ‘சின்னச் சிவப்புக் கப்பல்’ என்றே கடலோடிகள் அதை அழைத்தார்கள். துறைமுகமே இல்லாத கரைகளில் ரப்பர் படகில் இறக்கிவிடும் வழக்கத்தைப் பயணத் தொழிலில் பரப்பியது அந்தக் கப்பல்தான். இன்று உலகம் முழுக்க ‘எக்ஸ்பெடிஷன்’ பயணம் என்று விற்கப்படுவதன் இலக்கணமே அங்கே எழுதப்பட்டது: கப்பல் சிறியது, கூட வருபவர் அறிந்தவர், கரையில் உள்ள உயிர் வீட்டுக்காரர், நாம் விருந்தாளி. லிண்ட்பிளாட்டின் நிறுவனம் 1989-இல் நொடித்துப்போனது. வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் பயணிகளை அழைத்துப் போனதற்காக அமெரிக்க அரசு அபராதம் விதித்ததும் அதற்கு ஒரு காரணம். நிறுவனம் போனாலும் இலக்கணம் நிலைத்தது.

அந்த இலக்கணம் விதியாக மாறியது 1991-இல். அண்டார்டிகாவுக்குப் பயணம் நடத்திக்கொண்டிருந்த ஏழு தனியார் நிறுவனங்கள் சேர்ந்து அந்த ஆண்டு ஒரு சங்கம் அமைத்தன. அண்டார்டிகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை மாட்ரிட்டில் கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். ஆனால் அது நடைமுறைக்கு வர 1998 ஆனது. இந்தச் சங்கத்தின் கணக்கு எளிமையானது. ஒரு கரையில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் யாரையும் கரையிறக்கக்கூடாது. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி. விலங்கிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர். ஓரிடத்தில் ஒரு வேளையில் ஒரே கப்பல். இதற்காகப் பருவம் தொடங்கும் முன்பே எல்லா நிறுவனங்களும் உட்கார்ந்து எந்த நாள் எந்தக் கரை யாருக்கு என்று பங்கிட்டுக்கொள்கின்றன. இந்தக் கணக்கின் அழகு, வியாபாரத்தையும் நாணயத்தையும் ஒரே பக்கம் நிறுத்தியதுதான். நூறு பேர் உள்ள கப்பலில் அனைவரும் ஒரே நேரத்தில் இறங்கி மூன்று மணி நேரம் கரையில் இருக்கலாம். முந்நூறு பேர் உள்ள கப்பலில் மூன்று முறையாக இறங்க வேண்டும். ஆளுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம். ஆகவே கப்பல் சிறிதாக இருப்பது பயணிக்கே லாபம். வேறெந்தத் தொழிலிலும் கூட்டம் சேர்த்தவனுக்குப் பரிசு. இங்கே கூட்டத்தைக் குறைத்தவனுக்குப் பரிசு.

விதிகளில் மிக வேடிக்கையானதும் என் மனத்தில் மிக ஆழமாகத் தைப்பதும் காலணி கழுவும் விதிதான். முதல் கரையை எட்டும் முன் கப்பலின் கூடம் ஒன்றில் பயணிகள் தங்கள் சட்டைகள், கேமரா பைகள், தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். வேக்குவம் க்ளீனர்கள் ஓடுகின்றன. பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஊசியை வைத்து வெல்க்ரோ பட்டையிலிருந்து ஒவ்வொரு நாராகப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். பூட்ஸின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய மண்ணைக் காகிதக் கிளிப்பால் சுரண்டுவார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைக்க வேண்டும். புகைப்படமாகப் பார்த்தால் ஏதோ பள்ளி விடுதியின் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கும். ஆனால் காரணம் விளையாட்டானதல்ல. 2007–08 பருவத்தில் அண்டார்டிகாவுக்குச் சென்றவர்களின் உடைமைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள்: அந்த ஒரே பருவத்தில் மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு போன விதைகள் சுமார் 70,000. அத்தனையும் முளைக்காது. ஆனால் ஒன்று முளைத்தால் போதும். கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டின் ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகே 1980-களின் நடுவில் முளைத்த ஒருவகைச் சாதாரணப் புல், ‘போவா அனுவா’, இன்றளவும் அங்கிருந்து முற்றிலும் ஒழிக்கப்படவில்லை. உலகின் எல்லாப் புல்வெளிகளிலும் கிடக்கும் அந்த எளிய புல் அங்கே ஓர் ஆக்கிரமிப்பாளர். அதைக் கொண்டுபோனது சுற்றுலாக் கப்பல் என்று சொல்ல இடமில்லை; அது முளைத்தது ஆய்வு நிலையத்தின் பக்கத்தில். அறிவுக்காகப் போகிறவரின் பூட்ஸும் அழுக்கு பூட்ஸ்தான் என்பதை அந்தப் புல் சொல்கிறது. ஊசியோடு குனிந்திருக்கும் அந்தப் பயணியைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் ஒரு கண்டத்தின் தாவர வரலாறு அவர் பிடுங்கிப்போடும் அந்த ஒரு நாரில் இருக்கலாம் என்பதும் நிஜம்.

போர்ட் லாக்ராய் கதை இன்னும் இனிமையானது. கூடியே என்ற குட்டித் தீவில் பிரிட்டன் 1944-இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒரு ரகசிய முகாம் அமைத்தது. 1962-இல் கைவிடப்பட்ட அந்தக் கட்டடத்தை 1996-இல் பழுதுபார்த்தார்கள். 2006 முதல் அண்டார்டிகப் பாரம்பரியத்தைப் பேணும் பிரிட்டிஷ் அறக்கட்டளை ஒன்று அதை நடத்துகிறது. கோடைக்காலத்தில் நாலைந்து பேர் அங்கே தங்குவார்கள். வேலை மூன்று: அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்வது, தபால் நிலையம் நடத்துவது, பென்குவின்களை எண்ணுவது. குழாய்த் தண்ணீர் இல்லை. குளிக்க வேண்டுமென்றால் வந்துபோகும் பயணிகள் கப்பல் ஏதாவது அழைத்துச் சென்று குளியலறையைத் திறந்துவிட வேண்டும். பழமும் காய்கறியும் அந்தக் கப்பல்கள் கொடுப்பதே. 2022-இல் இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பித்து, நான்கு பெண்கள் தேர்வானார்கள். அவர்களில் ஒருவர் புதிதாகத் திருமணமானவர், கணவரை ஊரில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். போன கொஞ்ச நாளில் கட்டடங்கள் பனிக்குள் புதைந்துவிட, பக்கத்தில் வந்த பிரிட்டிஷ் கடற்படையினர் மண்வெட்டியோடு வந்து தோண்டி எடுத்தார்கள். ஆண்டுக்கு எண்பதாயிரம் வரையான தபால் அட்டைகள் கையால் முத்திரை குத்தப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. எப்போது போய்ச் சேரும் என்பதை அடுத்தடுத்து வரும் கப்பல்கள்தாம் தீர்மானிக்கின்றன. இந்தத் துணுக்கில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியத் தபால் துறை 1984-இல் அண்டார்டிகாவில் உள்ள தட்சிண கங்கோத்ரி ஆய்வு நிலையத்தில் தபால் நிலையம் திறந்தது. 2024 ஏப்ரலில் பாரதி நிலையத்திலும் ஒன்றைத் திறந்து அதற்கு எம்எச்-1718 என்று பின்கோடும் கொடுத்தது.

சின்னத் தீவு, சின்னத் தபால் நிலையம், வேடிக்கை. ஆனால் அதே தீவில் ஓர் ஆய்வு நடக்கிறது. தீவின் ஒரு பகுதியில் பயணிகள் நடக்கலாம். மறு பகுதிக்கு யாரும் போகக்கூடாது. இரு பகுதிகளிலும் எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று 1996 முதல் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். மனிதர் வந்துபோவதைவிடப் பனிப்பொழிவு போன்ற இயற்கைக் காரணங்களே குஞ்சுகளின் எண்ணிக்கையை அதிகம் பாதிக்கின்றன என்பதுதான் அந்த நெடிய கணக்கு காட்டியது. இதைப் ‘போனால் பாதகமில்லை’ என்று படிக்கக்கூடாது. ‘இந்த விதிகளோடு போனால் பாதகம் கண்ணுக்குத் தெரியவில்லை’ என்றுதான் படிக்க வேண்டும். இப்படி எண்ணி எண்ணிப் பார்க்கும் பழக்கம் எத்தனை சுற்றுலாத் தலங்களில் இருக்கிறது? நாம் போகும் மலைவாசஸ்தலங்களில் வண்டிகளை எண்ணுகிறோம். அங்கே யார் வாழ்ந்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எண்ணுவது அபூர்வம்.

அண்டார்டிகாவுக்கு வெளியேயும் இதே உண்மை வேறு உடையில் நிற்கிறது. கலாபகஸ் கூட்டத்தில் ஃப்ளோரியானா என்றொரு தீவு. அதன் கடற்கரையில் ஒரு மரப்பீப்பாய். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திமிங்கல வேட்டைக்காரர்கள் தொடங்கிய வழக்கம்: ஊர் திரும்பும் கப்பல், பீப்பாயில் கிடக்கும் கடிதங்களில் தன் வழியில் உள்ளவற்றை எடுத்துக்கொண்டு போகும். இன்றும் பயணிகள் தபால்தலை ஒட்டாமல் அட்டை போடுகிறார்கள். பீப்பாயைக் கிளறித் தங்கள் ஊர்ப் பக்கத்து முகவரி இருந்தால் எடுத்துப்போய் நேரில் கொடுக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டி அட்டை நீட்டுவதும், அங்கே காப்பி கிடைப்பதும் இந்தச் செய்திகளின் நிரந்தரச் சுவை. அதே தீவுகளில் நீலக்கால் பூபி நடைபாதையின் நடுவிலேயே முட்டை வைத்துவிட்டால், வழிகாட்டி பயணிகளைச் சுற்றி அழைத்துப் போகிறார். பறவையை யாரும் நகர்த்துவதில்லை. அங்கே பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி, அவருக்குத் தேசியப் பூங்காவின் உரிமம் கட்டாயம், கப்பலில் நூறு பேருக்கு மேல் கூடாது. 1959-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுகள் 1978-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலில் இடம்பெற்றன. கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. கப்பல்களின் படுக்கை எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால் அந்த வகைப் பயணம் ஓரளவில் நின்றது. வரம்பு இறுக்கமாக இல்லாத ஊர்ப்பகுதி விடுதிகளின் வழியாகக் கூட்டம் பெருகி, ஆண்டு வருகை மூன்று லட்சத்தைத் தாண்டியது. அந்தத் தீவுகளை ஆளும் எக்வடோர் அரசு 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தியது. சிறியதற்குப் போட்ட வேலி வேலை செய்தது. வேலி இல்லாத பக்கம் வழிந்தது.

எண்ணிப் பார்க்கும் வேலையில் பயணிகளும் கைகொடுப்பதால், திமிங்கலத்தின் வால் பற்றியும் ஒரு வார்த்தை. கூன்முதுகுத் திமிங்கலத்தின் வாலடியில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறு. கப்பலில் போகிறவர்கள் வாலைப் படமெடுத்து ‘ஹேப்பிவேல்’ என்ற தொகுப்புக்கு அனுப்புகிறார்கள். கணினி அதைப் பழைய படங்களோடு பொருத்தி, ‘உங்கள் திமிங்கலத்தை இதற்கு முன் இன்னார் இன்ன இடத்தில் பார்த்தார்கள்’ என்று பதில் தருகிறது. பயணம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, ஏதோ ஓர் அலுவலக நாளில், தன் திமிங்கலம் வேறொரு கடலில் தலைகாட்டியதாகச் சேதி வருவது எவ்வளவு அழகான விஷயம்! 2013-இல் கொலம்பியாவின் பசிபிக் கரையோரம் படமெடுக்கப்பட்ட ஒரு ஆண் திமிங்கலம் 2022-இல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் அருகே பதிவானது. 13,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த இடைவெளி, அந்த இனத்தில் பதிவான மிக நீண்ட இடப்பெயர்ச்சிகளில் ஒன்று. இதை வெளிக்கொணர்ந்ததும் அதே தொகுப்புதான்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வலுவானது: வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதியை எப்படி நம்புவது? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை ஆகாதா? நியாயமான அச்சம். ஆனால் நடந்ததைப் பார்ப்போம். நூறு பேர், ஐந்நூறு பேர் என்ற வரம்புகளை நிறுவனங்கள் முதலில் கடைப்பிடித்தன. அண்டார்டிக ஒப்பந்த நாடுகள் அவற்றை 2009-இல்தான் தங்கள் தீர்மானமாக எடுத்துக்கொண்டன. அது சட்ட வலிமை பெற ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டியிருந்ததால் பத்தாண்டுக்கும் மேலாக இழுத்தது. அந்த இடைவெளியில் கரையில் நின்றது சட்டம் அல்ல, வழிகாட்டிகள்தான். கட்டாயமில்லாத கட்டுப்பாடு நீடிக்கும் என்பதற்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்தப் போலீசும் வீடு வீடாகப் போய்த் தடுக்கவில்லை. கண்மாயில் கூடுகட்டியிருக்கும் பறவைகளைத் தங்கள் ஊர்க்காரர்களாக நினைத்ததுதான் காரணம். இரண்டிலும் பொதுவானது ஒன்று: கட்டுப்படுகிறவர் அந்த இடத்தை நெருக்கமாக அறிந்தவர். இருநூறு ஊர்களுக்குச் சீட்டு விற்கும் நிறுவனத்துக்கு ஒரு கரை கெட்டால் இன்னொரு கரை. ஒரே கரையை நம்பிப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அது கெட்டால் கதவை மூட வேண்டியதுதான். என் நம்பிக்கை அவர்களுடைய நல்ல மனத்தின் மேல் மட்டும் அல்ல, அவர்களுடைய நிலைமையின் மேலும்.

இரண்டாவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. அதை மறைப்பதும் சரியல்ல. எவ்வளவு பணிவாக நடந்தாலும், அண்டார்டிகாவுக்குப் போவதே கேடு அல்லவா? 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கப்பல் புகையிலிருந்து பனிமேல் படியும் கரித்துகளைக் கணக்கிட்டு, 2016 முதல் 2020 வரை அங்கே சென்ற ஒவ்வொரு பயணியாலும் சுமார் 83 டன் பனி விரைந்து உருகியது என்று மதிப்பிட்டது. காலணியைக் கழுவலாம், புகைபோக்கியைக் கழுவ முடியாது. கனரக எண்ணெயை எரிக்கவும் கொண்டுசெல்லவும் 2011 ஆகஸ்டு முதல் அந்தக் கடலில் தடை வந்தது. திமிங்கலங்கள் கூடும் பகுதிகளில் கப்பல்கள் வேகத்தைக் குறைக்கும் விதியும் வந்தது. இவை நோயைத் தணிக்கும், தீர்க்காது. அப்படியானால் முழுத் தடைதான் வழியா? அண்டார்டிகாவுக்குச் சொந்த மக்கள் இல்லை, வாக்காளர் இல்லை, அதற்காகத் தெருவில் இறங்க உள்ளூர்வாசி ஒருவர்கூட இல்லை. 1959-இல் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தமும், அதைக் கண்ணால் கண்டவர்களின் பாசமும்தான் அதற்குக் காவல். ஒருவரும் பார்க்காத இடத்தை ஒருவரும் காக்க மாட்டார்கள் என்ற வாதத்தில் மிகை உண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் காவலர் ஆவதும் இல்லை. ஆனால் பார்த்தவரே இல்லாத இடத்தில் சுரங்கம் தோண்டலாமா என்ற பேச்சு எழும்போது எதிர்க்குரல் எங்கிருந்து வரும் என்ற கேள்வியையும் தள்ள முடியவில்லை. ஆகவே போகலாம், ஆனால் ஒருமுறை, சிறு கப்பலில், நீண்ட நாள் தங்கி. அடிக்கடி பறந்து போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்புவதற்கு நான் ஆதரவில்லை.

பாதுகாப்பைப் பற்றிய மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்தச் சின்னச் சிவப்புக் கப்பலே, வேறு உரிமையாளரின் கையில், 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர் பிழைத்தார்கள். உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்தில் சென்ற இன்னொரு பயணிகள் கப்பல் ஏற்றிக்கொண்டது. அதே இடத்தில் மூவாயிரம் பேர் இருந்திருந்தால் எந்தக் கப்பல் ஏற்றியிருக்கும்? விபத்து சிறு கப்பலுக்கும் வரும். அளவு சிறிதாக இருந்தால் காப்பாற்றவும் முடியும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற குறையும் உண்மைதான். இந்தக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. குறைக்கச் சொன்னால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் காரியம் கெடும். ஆனால் இந்த நிறுவனங்கள் கண்டுபிடித்த முறைக்கு விலை இல்லை. சிறு குழு, அறிந்த வழிகாட்டி, கால் வைக்கும் முன் பாடம், விலங்குக்கு முதல் வழி என்ற நான்கையும் எந்தச் சதுப்புநிலத்திலும் எந்தப் பவளத்திட்டிலும் படகோட்டி ஒருவரும் நாலு இளைஞர்களும் சேர்ந்து செய்துவிடலாம்.

என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது வேறொன்று. சிறு கப்பல்கள் பல சேர்ந்தால் அது பெருங்கூட்டம். 1990-களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்கு ஏழாயிரம் பேர்கூட அண்டார்டிகாவுக்குப் போகவில்லை. 2022–23 பருவத்தில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏழு நிறுவனங்களின் சங்கத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஒரு கரையில் நூறு பேர் என்ற விதி ஒவ்வொரு வேளையையும் காக்கிறது. ஒரு பருவம் முழுதும் அந்தக் கரையில் எத்தனை நூறு பேர் மாறி மாறி நிற்கலாம் என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. பறவைக் காய்ச்சல் அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாத் தீவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்திலும் அந்த நோய் உறுதிசெய்யப்பட்டபோது, கரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, பையைத் தரையில் வைக்கக்கூடாது என்று விதிகள் இறுகின. சில கரைகளில் இறங்குவதே நிறுத்தப்பட்டது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வந்தவர்கள் ரப்பர் படகிலிருந்தபடியே கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இறங்காமல் திரும்பத் தெரிந்த தொழில் என்பதால்தான் இதன் மேல் எனக்கு மதிப்பு. எத்தனை கப்பல் போதும் என்று இன்னும் சொல்லத் தெரியாத தொழில் என்பதால் இதன் மேல் எனக்குக் குறையும் உண்டு. அந்த எண்ணை நிறுவனங்கள் தாங்களாகச் சொல்லப் போவதில்லை. கரையில் நிற்கும் ஒழுக்கத்தை அவை கண்டுபிடித்தன; கதவில் நிற்கும் ஒழுக்கத்தை நாடுகள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வேலை தொடங்கிய ஊர் நமக்கு வெகு தூரமில்லை. 2024 மே மாதம் அண்டார்டிக ஒப்பந்த நாடுகளின் 46-ஆவது ஆலோசனைக் கூட்டம் கொச்சியில் நடந்தது. அண்டார்டிகச் சுற்றுலாவுக்கு முழுமையான ஒழுங்குமுறை ஒன்றை வகுக்கத் தனிப் பணிக்குழு அங்கேதான் பேசத் தொடங்கியது. முடிவெடுக்கும் உரிமையுள்ள நாடுகள் இருபத்தொன்பது. ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் தீர்மானம் நிறைவேறாது. 1983 முதல் அந்த உரிமை பெற்ற நாடு இந்தியா. 2022-இல் அண்டார்டிகாவுக்கென்றே சட்டமும் இயற்றியிருக்கிறது. ஒரு பருவத்துக்கு மொத்தம் இத்தனை பேர், ஒரு கரைக்கு இத்தனை நாள் ஓய்வு என்ற இரண்டு எண்களை இந்தியா அந்த மேசையில் வைத்து வாதாட வேண்டும். சிறு நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கும் இறங்குபதிவேடுகளும் கூடியே தீவில் குனிந்து குனிந்து எண்ணிய கூடுகளின் கணக்கும் அதற்கு ஆதாரமாக இருக்கின்றன.